மீன் குஞ்சு விட்டால் ஆறு பிழைத்துவிடுமா?

ஆற்றில் மீன் குறைந்துவிட்டதா? ஒரு லட்சம் குஞ்சு கொண்டுவந்து விடு. இந்தியாவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஒரே வைத்தியம் இதுதான். பந்தல் போடுவார்கள், முக்கியஸ்தர் வருவார், ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையைப் பிரித்து ஆற்றில் சாய்ப்பார், கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். மறுநாள் பேப்பரில் எத்தனை லட்சம் குஞ்சு என்று எண்ணிக்கை வரும். அது என்ன மீன், எந்த ஆற்று மீனுக்குப் பிறந்தது, இந்த ஆற்றில் அதற்கு என்ன வேலை என்ற விவரம் மட்டும் வராது. கேட்பவரும் இல்லை.

கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. "மீன்தானே சார், எந்தத் தண்ணீரில் விட்டால் என்ன?"

இந்தக் கேள்விக்குள்தான் வினையே இருக்கிறது. ஒரு ஆற்றின் மீனை இன்னொரு ஆற்றில் கொண்டுபோய் விடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல நேரங்களில் அது பாதுகாப்பு அல்ல, சத்தமில்லாத அழிப்பு. உதாரணத்துக்கு அமேசான் வரை போக வேண்டாம். காவிரியிலேயே இருக்கிறது.

மீனுக்கு ஆறுதான் தேசம்

பறவைக்குச் சிறகு இருக்கிறது. எருக்கு விதை காற்றில் பறக்கும். தேங்காய் கடலில் மிதந்து போய் இன்னொரு கரையில் முளைக்கும். நன்னீர் மீனுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. கீழே போனால் உப்புக் கடல், மேலே போனால் மலை முகடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்தான் அதன் முழு உலகம்.

ஒரே மலையின் இரண்டு பக்கத்தில் இரண்டு ஓடைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கிழக்கே ஓடி வங்கக் கடலில் விழுகிறது, மற்றது மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுகிறது. ஊற்றுக்கண்களுக்கு இடையே இருப்பது நடந்தே போகிற தூரம்தான். மனிதன் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மீன் போக முடியாது. அந்த இரண்டு ஓடைகளிலும் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் லட்சக்கணக்கான வருடங்களாக ஒருவரை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக மாறிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

விதிவிலக்கு உண்டு. விலாங்கு கடலுக்குப் போய் முட்டையிடும். பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். விராலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கெண்டைக் குடும்பத்தின் பெரும்பாலான மீன்களுக்கு அந்த வித்தை தெரியாது. அவை ஒரு படுகையிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்க வேண்டுமென்றால் நிலம் அசைந்திருக்க வேண்டும், அல்லது ஒரு ஆறு மலையை அரித்து அரித்து அடுத்த ஆற்றின் தலையைத் தன் பக்கம் திருப்பியிருக்க வேண்டும், அல்லது பெருவெள்ளத்தில் இரண்டு ஆறுகள் கலந்திருக்க வேண்டும். சார்லஸ் டார்வின் 1859ல் வெளியிட்ட நூலிலேயே நன்னீர் மீன்களின் பரவலுக்கு இப்படிப்பட்ட காரணங்களை யோசித்திருக்கிறார். இந்தியாவில் சுந்தர் லால் ஹோரா 1940களில் இதே புதிரோடு மல்லுக்கட்டினார். இமயத்திலும் வடகிழக்கிலும் இருக்கும் மீன்களின் சாயல் மேற்குத் தொடர்ச்சி மலையில் எப்படி வந்தது? சாத்பூரா மலை வழியாக வந்திருக்கும் என்றார் அவர். அந்தக் கருதுகோளை இன்று பலர் ஏற்பதில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. மீன் இருக்கும் இடம் தற்செயல் அல்ல, அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது என்பதை அவர் பிடித்துவிட்டார்.

மரபணு சொல்லும் சாட்சி

ஹோராவிடம் இருந்தது செதில் எண்ணிக்கையும் துடுப்பு முள்ளின் அளவும்தான். இன்று கையில் மரபணு இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு பொதுவாகத் தாய்வழியாக மட்டுமே வரும். தலைமுறை தலைமுறையாக அதில் சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மீன்களின் பிரதிகளை அருகருகே வைத்து எத்தனை பிழைகள் வேறுபடுகின்றன என்று எண்ணினால் அவை பிரிந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணக்கிடலாம். அந்த உறவு மரத்தை ஆறுகளின் வரைபடத்தின் மேல் வைத்தால் மலையும் ஆறும் உருவான கதையும் கூடவே தெரியும்.

அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் பல பழைய நம்பிக்கைகள் உடைந்தன. இலங்கையும் தென்னிந்தியாவும் கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் தரையால் இணைந்திருந்தன. எனவே இரண்டு பக்கத்து உயிர்களும் ஒன்றோடொன்று கலந்திருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2004ல் 'சயின்ஸ்' இதழில் பொசாய்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. நன்னீர் மீன், நண்டு, தவளை என்று பல பிரிவுகளின் மரபணுவைப் பார்த்ததில் தரைப்பாலம் இருந்தும் இரண்டு நிலங்களும் தங்களுக்கே உரிய பரம்பரைகளைக் காப்பாற்றி வைத்திருந்தன. பாலம் திறந்திருந்தும் பெரும்பாலானவை கடந்து போகவில்லை.

கேரளத்து ஆறுகளில் 'மிஸ் கேரளா' என்ற அழகு மீன் இருக்கிறது. உடலின் பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடும். தொட்டிக்காரர்கள் உலகமெங்கும் தேடி வாங்கினார்கள். 2013ல் வெளிவந்த மரபணு ஆய்வில், கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும் இந்த மீன்களுக்குள்ளேயே வெவ்வேறு ஆறுகளில் தனித்தனிப் பரம்பரைகள் இருப்பது தெரியவந்தது. கடைக்காரருக்கு ஒரு மீன், ஆற்றுக்கோ பல மீன்!

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் நிலத்தடி நீரிலிருந்து ஒரு விசித்திர மீன் வெளியே வந்தது. 2019ல் 'எனிக்மாசன்னா கோலம்' என்று பெயர் பெற்றது. பார்க்க விராலின் தூரத்து உறவு மாதிரி. ஆராய்ந்தபோது விரால் குடும்பத்திலிருந்து சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன்பே பிரிந்துபோன தனிக் குடும்பம் என்று 2020ல் முடிவானது. டைனோசர் காலத்துப் பரம்பரை ஒன்று நெல்வயலுக்கும் கிணற்றுக்கும் அடியில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்திருக்கிறது. காலடியில் என்ன மீன் இருக்கிறது என்பதே தெரியாத நிலையில், எந்தத் தைரியத்தில் வெளி மீனைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்?

பெயரில்லாத ராஜா

இப்போது காவிரிக்கு வருவோம். முதுகில் திமில் வைத்த ஒரு மஹசீர் காவிரிக்கு மட்டுமே சொந்தம். ஒன்றரை மீட்டர் நீளமும் 45 கிலோவுக்கு மேல் எடையும் வளரக்கூடியது. வெள்ளைக்கார அதிகாரிகளின் காலத்திலிருந்தே தூண்டில்காரர்களுக்கு இந்த மீன் ஒரு கனவு. 1873ல் ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' இந்திய மஹசீரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. 1946ல் வான் இன்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் காவிரியின் கிளையாறான கபினியில் பிடித்த 120 பவுண்டு மீன் இன்றுவரை பேசப்படுகிறது. அது ஏறக்குறைய 54 கிலோ.

இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் இல்லை. நம்புவது கஷ்டம், ஆனால் உண்மை. 'டோர் முசுல்லா' என்று பல காலம் சொல்லிவந்தார்கள். சைக்ஸ் 1839ல் முசுல்லா என்று பெயரிட்டது மஹசீரையே அல்ல, வேறொரு பேரினத்து மீனை என்று பிறகு தெளிவானது. ராஜாவுக்கு இருந்த ஒரே பெயரும் இரவல் பெயர்!

முடிச்சு அவிழ்ந்தது தமிழ்நாட்டின் மோயாற்றில். பிரிட்டனின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தின் அட்ரியன் பிண்டர், கேரளத்தின் ராஜீவ் ராகவன், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன் உள்ளிட்ட குழுவினர் அங்கே கிடைத்த திமில் மஹசீரின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்தார்கள். கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களை வைத்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவி' என்ற இனமும் இந்த ராட்சத மீனும் ஒன்றே என்று தெரிந்தது. விலங்கியல் ஆய்வாளர் ரெமா தேவியின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. பாம்பாறு கேரளத்தில் பிறந்தாலும் கிழக்கே ஓடி அமராவதியில் சேர்ந்து காவிரிக்குத்தான் போகிறது. ஆக, இரண்டும் ஒரே படுகை, ஒரே இனம். அந்த முடிவு 2018ல் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் உலகப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் இந்த மீனை 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலில் சேர்த்தது. அதற்கு அடுத்த படி இயற்கையில் அற்றுப்போவதுதான். பெயர் கிடைத்த வருடமே மரண எச்சரிக்கையும் கிடைத்தது.

லோனாவ்லாவிலிருந்து வந்த விருந்தாளி

இந்த இடத்தில்தான் குஞ்சு விடும் கதை வருகிறது. மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாடா பவர் நிறுவனம் 1970களில் மஹசீர் பண்ணை தொடங்கியது. அழிந்துவரும் மீனைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அங்கே இனப்பெருக்கம் செய்யப்பட்டது நீலத்துடுப்பு மஹசீர், அறிவியல் பெயர் 'டோர் குத்ரி'. 1839ல் சைக்ஸ் இந்த இனத்தை விவரித்தது புனே அருகிலுள்ள முலா ஆற்றிலிருந்து. முலா, முத்தா, பீமா வழியாகக் கிருஷ்ணாவுக்குப் போகிற தண்ணீர் அது. கிருஷ்ணா வேறு, காவிரி வேறு. ஆனால் "மஹசீர் மஹசீர்தானே" என்று அந்தப் பண்ணையின் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன.

பிறகு என்ன நடந்தது என்பதற்கு ஒரு அபூர்வமான சாட்சியம் இருக்கிறது. கர்நாடகப் பகுதிக் காவிரியில் தூண்டில் முகாம்கள் இயங்கிவந்தன. மீனைப் பிடித்து, எடை பார்த்து, திரும்ப விட்டுவிடும் விளையாட்டு. ஒவ்வொரு மீனையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்த நோட்டுகளைப் பிண்டர் குழுவினர் ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹசீர்களின் பதிவு. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் எல்லாம் நலம் போலத்தான் தெரியும், மஹசீர் பெருகிக்கொண்டிருந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் அதிர்ச்சி. பெருகியது நீலத்துடுப்பு. திமில் மஹசீர் குறைந்துகொண்டே போயிருந்தது. கிடைத்த சிலவும் வயதான பெரிய மீன்கள்தான். குட்டிகளைக் காணோம். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திமில் மஹசீரின் சரிவுக்கு நீலத்துடுப்பு மட்டுமே காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அணைகள் இருக்கின்றன, மணல் கொள்ளை இருக்கிறது, வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், கோடையில் தண்ணீரே இல்லாமல் போகிறது. ஆனால் வந்த விருந்தாளி இரண்டு கெடுதல்களைக் கூடுதலாகச் செய்திருக்கிறது. ஒன்று, ஏற்கெனவே தள்ளாடும் மீனோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டி போடுகிறது. கலப்பினம் உண்டாகும் அபாயமும் இருக்கிறது. இரண்டாவது இன்னும் மோசம். அது அழிவை மறைத்தது. மஹசீர் நிறையக் கிடைக்கிறது என்ற நம்பிக்கையில் திமில் மஹசீர் மறைவதை யாரும் கவனிக்கவில்லை. ஆற்றில் மீனே இல்லாமல் போயிருந்தால் கூச்சலாவது எழுந்திருக்கும். இடத்தை நிரப்பிவிட்டதால் காலியானது தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. 'அருகிய இனம்' பட்டியலில் இருந்த நீலத்துடுப்பு பின்னர் 'கவலை குறைந்த இனம்' என்று இறக்கப்பட்டது. இதைப் பண்ணையின் வெற்றியாகக் கொண்டாடியவர்கள் உண்டு. அதே ஐயுசிஎன்னின் அதே சிவப்புப் பட்டியலில் காவிரியின் சொந்த மீன் அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஒரு வீட்டு விளக்கை ஏற்ற இன்னொரு வீட்டு எண்ணெயை ஊற்றிவிட்டு ஊரே வெளிச்சமாகிவிட்டது என்று சொன்னால் எப்படி?

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

குஞ்சு விடுபவர்களின் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"இயற்கையே மீனை இடம் மாற்றுகிறதே, மனிதன் மாற்றினால் என்ன தப்பு?" இயற்கை மாற்றுவதற்கு லட்சம் வருடம் எடுத்துக்கொள்கிறது. ஒரு ஆறு இன்னொன்றைப் பிடிக்கும்போது ஒரு சில மீன்கள் நுழையும். அங்கே இருப்பவற்றுக்கும் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். லாரியில் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொட்டுவது அந்த வகை அல்ல. மழையில் நனைவதும் அணை உடைவதும் இரண்டுமே தண்ணீர்தான் என்று சொல்வது போன்ற வாதம் இது.

"இதுவும் இந்திய மீன்தானே, நாட்டின மீன்தானே?" இந்த வார்த்தைதான் பெரிய ஏமாற்று. ஆப்பிரிக்க மீனைக் கண்டால் எல்லோருக்கும் கோபம் வருகிறது, சரிதான். 1952ல் கொண்டுவரப்பட்ட திலேப்பியா இன்று ஜிலேபி என்ற செல்லப் பெயரோடு தமிழ்நாட்டின் ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000ல் தடை செய்தது, கள்ளத்தனமாக வளர்ப்பது இன்னும் நிற்கவில்லை. ஆனால் மீனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. 'இந்தியா' என்பது மனிதன் போட்ட கோடு. கங்கையில் பிறந்த கட்லாவும் ரோகுவும் காவிரிக்கு அன்னியம்தான். கிருஷ்ணாவின் மஹசீரும் அன்னியம்தான். நாட்டு மீன் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் எந்த ஆற்று மீன் என்று சொல்ல வேண்டும். காவிரி மீனுக்குக் காவிரிதான் நாடு.

"மீனவர் வயிற்றுக்கு என்ன சொல்வீர்கள்?" இதுதான் கனமான கேள்வி. மேட்டூர் மாதிரி அணைகளில் வலை போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்குக் கட்லாவும் ரோகுவும் சோறு போடுகின்றன. அதைப் பிடுங்கச் சொல்வது அநியாயம். ஆனால் கேள்வியைக் குழப்பக் கூடாது. உணவுக்காக மீன் வளர்ப்பது ஒரு வேலை, ஆற்றைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. முதல் வேலையைக் குளத்திலும் பண்ணையிலும் தாராளமாகச் செய்யலாம். அணையிலும் ஏற்கெனவே வேரூன்றிய மீனைப் பிடித்துக்கொள்ளலாம். முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவது வேலைக்குச் சான்றிதழ் கேட்பதைத்தான் எதிர்க்க வேண்டும். தவிர, மஹசீர் குஞ்சு விட்டது எந்த மீனவர் வயிற்றுக்காகவும் அல்ல. அது முழுக்க முழுக்கப் பாதுகாப்பின் பெயரில் நடந்தது.

"அன்றைக்கு மரபணு ஆய்வு ஏது? தெரியாமல் செய்ததற்குக் குற்றம் சொல்லலாமா?" 1970களில் செய்தவர்களைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் இன்று தெரியும். ஒரு துளி துடுப்புத் திசு போதும், எந்தப் பரம்பரை என்று சொல்லிவிடலாம். தெரிந்த பிறகும் பழைய பழக்கத்தைத் தொடர்வதற்கு அறியாமை என்று பெயர் இல்லை, அலட்சியம் என்று பெயர். 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் குஞ்சு விடுவதும் ஓர் அங்கம். பணம் வந்துவிட்டது, பை சாய்ப்பது பெருகும். கேள்வி கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

அமெரிக்காவே ஏமாந்த கதை

இது ஏழை நாட்டுக் குளறுபடி என்று யாராவது நினைத்தால் கொலராடோவைப் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்தின் அடையாள மீன் 'கிரீன்பேக் கட்த்ரோட்' டிரௌட். அதைக் காப்பாற்றப் பல பத்தாண்டுகள் பாடுபட்டார்கள். குஞ்சு வளர்த்து மலை ஓடைகளில் விட்டார்கள். திட்டம் வெற்றி என்ற நம்பிக்கையும் வந்துவிட்டது. 2012ல் ஒரு ஆய்வுக் குழு, 19ஆம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகங்களில் வைத்திருந்த பழைய மீன்களின் மரபணுவை எடுத்து இன்றைய மீன்களோடு ஒப்பிட்டது. காப்பாற்றி வந்தவற்றில் பெரும்பாலானவை கிரீன்பேக்கே அல்ல! அசல் பரம்பரை கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே பேர் கிரீக் என்ற ஒரே ஒரு ஓடையில் மட்டும் மிஞ்சியிருந்தது.

இந்தக் கதையில் ஒரு முரண்டும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. பேர் கிரீக் அந்த மீனின் சொந்தப் படுகையே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு விடுதிக்காரர் அங்கே கொண்டுவந்து விட்டதாகச் சொல்கிறார்கள். அப்படி விட்டதால்தான் இனமே பிழைத்தது. "பார்த்தீர்களா, மாற்றி விட்டால் நல்லதும் நடக்கும்" என்று குஞ்சுக் கட்சியினர் சொல்லலாம். சொல்லட்டும். ஒருவர் லாட்டரியில் ஜெயித்தார் என்பதற்காக ஊரையே லாட்டரி வாங்கச் சொல்ல முடியுமா? அந்த அதிர்ஷ்டத்தையும்கூட அடையாளம் காட்டியது மரபணுவும் பழைய சேகரிப்பும்தான். பரிசோதனை இல்லாமல் இருந்திருந்தால் தப்பான மீனை வளர்த்துக்கொண்டே அசலை இழந்திருப்பார்கள்.

என்ன செய்யலாம்?

திட்டுவதோடு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல.

முதலாவது, ஒரு படுகையின் மீனை இன்னொரு படுகையில் 'பாதுகாப்பு' என்ற பெயரில் விடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். மாநில எல்லை, நாட்டு எல்லை எதுவும் இதற்கு அளவுகோல் ஆகக் கூடாது. படுகைதான் அளவுகோல்.

இரண்டாவது, குஞ்சு விட்டே ஆக வேண்டிய நிலை என்றால் சினைமீன் அதே ஆற்றிலிருந்து வர வேண்டும். விடுவதற்கு முன் மரபணுப் பரிசோதனை கட்டாயம். ஒரே ஜோடி மீனுக்குப் பிறந்த லட்சம் குஞ்சும் லட்சம் உடன்பிறப்புகள்தான் என்பதால் பல சினைமீன்கள் வேண்டும். எத்தனை லட்சம் விட்டோம் என்ற கணக்கை விட, எத்தனை தாய் தகப்பனுக்குப் பிறந்தவை என்ற கணக்கு முக்கியம்.

மூன்றாவது, விட்ட பிறகு கணக்குப் பார்க்க வேண்டும். விட்டது பிழைத்ததா? ஏற்கெனவே இருந்தது என்ன ஆனது? இனம் பிரித்த கணக்கு வேண்டும். 'மஹசீர் 500' என்று மொத்தமாக எழுதும் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதைக் காவிரி காட்டிவிட்டது.

நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றைக் காப்பாற்ற வேண்டும். திமில் மஹசீருக்கு இன்று மிஞ்சியிருப்பது மோயாறு, பாம்பாறு மாதிரி சில துண்டு நீர்தான். மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்கள் வழியாக ஓடுகிறது. புலிக்குக் காவல் இருக்கிறது, யானைக்குக் காவல் இருக்கிறது. அதே காட்டுக்குள் ஓடும் தண்ணீரில் புலியை விட அரிதான ஒரு உயிர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வெடி வைப்பதைத் தடுப்பதும், கோடையில் ஓரளவு தண்ணீர் ஓட விடுவதும், முட்டையிடும் பருவத்தில் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் பண்ணை கட்டுவதை விட மலிவு. ஆனால் அதில் பந்தல் கிடையாது, பை கிடையாது, போட்டோ கிடையாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

நதிகளை இணைக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கால்வாய் வெட்டினால் தண்ணீர் மட்டும் வராது, அதோடு ஒரு படுகையின் உயிர்கள் மொத்தமும் இன்னொரு படுகைக்குள் நுழையும். தண்ணீர்ப் பஞ்சம் உண்மையான பிரச்சினை, இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் பல தரப்பு இருக்கலாம். ஆனால் கணக்குப் போடும்போது டி.எம்.சி.யை மட்டும் எண்ணிவிட்டு மீனை எண்ணாமல் விடுவது பாதிக் கணக்கு.

திமில் மஹசீர் அழிந்தால் வேறொரு மீனை விட்டு அந்த இடத்தை நிரப்பிவிடலாம். தண்ணீருக்கு மேலே நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்தில், இந்த ஒரு ஆற்றுக்குள், லட்சக்கணக்கான வருடங்களில் எழுதப்பட்ட மரபணுப் பிரதி அதோடு போய்விடும். அதற்கு நகல் கிருஷ்ணாவிலும் கிடையாது, லோனாவ்லாவிலும் கிடையாது. அடுத்த முறை யாராவது ஆற்றங்கரையில் பந்தல் போட்டுப் பையைப் பிரித்தால், கூட்டத்தில் ஒருவராவது கையைத் தூக்கிக் கேட்க வேண்டும்: "ஐயா, இது எந்த ஆற்று மீன்?" பதில் தெரியாவிட்டால் பையைத் திரும்பக் கட்டிவிடுவதுதான் ஆற்றுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.